அவருக்கு எல்லாம் நார்மல்

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என் கணவரை நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவேன். சின்ன வயது டாக்டர், நிதானமானவர். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பேனாவால் தொட்டுத் தொட்டுக் கீழே இறங்குவார். சர்க்கரை, உப்பு, கொழுப்பு, தைராய்டு. கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து சிரிப்பார்.

"சாருக்கு எல்லாம் நார்மல், கேட்டோ? மறதியை விட்டா பாக்கி ஒண்ணுமே இல்ல. சேச்சி நல்லா நோக்குறீங்க."

நான் இவரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிறார். அதைக் கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆட்டோவில் திரும்பி வரும்போது அந்தத் தாளை மடியில் வைத்து இன்னொரு முறை படிப்பேன். எனக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. அதை அந்த டாக்டர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவருடைய அறையில் நான் நோயாளி இல்லை, நோயாளியைக் கூட்டி வந்தவள்.

நாங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். என் மாமனார் காலத்திலேயே திருவனந்தபுரத்துக்கு வந்து சாலை பஜாரில் இரும்புக் கடை போட்டாயிற்று. போல்ட்டு, சங்கிலி, பெயின்ட்டு, படகுக்கு வேண்டிய கயிறு. என் கணவரும் அவருடைய தம்பியும் கடையைப் பார்த்தார்கள். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்தேன். கரமனையில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் வீடு. ஒரே மகன், கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. தினமும் காலையில் நானும் அவரும் ஸ்கூட்டரில் மியூசியம் வளாகத்துக்குப் போய் நான்கு சுற்று நடப்போம். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்று அவர் தொடங்கி வைத்த பழக்கம் அது. மழைநாளில் நான் போர்வையை இழுத்துக்கொண்டால் விடமாட்டார். "எந்திரிட்டி. காலு ரெண்டும் இருக்கம்போ நடந்துக்கிடணும்" என்பார்.

அவருக்கு அறுபத்தொரு வயதிருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் சாப்பிடக் கடையிலிருந்து கிளம்பியவர் வீட்டுக்கு வரவில்லை. பத்து நிமிட வழி. மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. நாலரைக்கு விழிஞ்ஞத்திலிருந்து ஒரு போன் வந்தது. "அண்ணாச்சி இவிடே உண்டு. பேடிக்கண்டா" என்றது ஓர் ஆண் குரல். பயப்பட வேண்டாம் என்கிறார். முப்பது வருடமாக எங்கள் கடையில் கயிறு வாங்கும் மீன்காரர் அவர். அவரே ஆட்டோ பிடித்து இவரைக் கொண்டுவந்து விட்டார். பின்னாலேயே இன்னொருவர் ஸ்கூட்டரை ஓட்டி வந்தார். துறைமுகத்தில், கரையேற்றிப் போட்டிருந்த ஒரு படகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். அங்கே ஏன் வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு என்னிடம், "சோறு எடுத்து வையி, கடைக்குப் போணும்" என்றார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. நான் சோறு எடுத்து வைத்தேன்.

அதற்கப்புறம் ஸ்கேன், டாக்டர், மாத்திரை. நோய்க்குப் பெயர் சொன்னார்கள். ஒரு வருடம் கொழுந்தன் அவரைக் கடையில் உட்கார வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்: "மைனி, இனி அண்ணனைக் கடைக்கு அனுப்பாண்டாம்." நான் வேலையிலிருந்து விலகினேன். அந்த முடிவை எடுக்க எனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. வேறு வழி எதுவும் கண்ணில் படவில்லை.

என் உடம்பை நான் ஒரே நாளில் கைவிட்டதாக யாரும் நினைக்கக் கூடாது. ஒவ்வொரு பழக்கமாகத்தான் போயிற்று. ஒவ்வொன்றும் போகும்போது அதற்கு நியாயமான காரணம் இருந்தது.

முதலில் போனது நடை. மியூசியத்தில் ஒரு நாள் காலை அவர் என் பக்கத்திலிருந்து நழுவி, என்னுடையதைப் போலவே பச்சைச் சேலை கட்டிய வேறொரு பெண்ணின் பின்னால் போய்விட்டார். அவள் நின்று கத்தினாள். கூட்டம் கூடியது. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். வழி நெடுக அவர், "அவ எதுக்குட்டி சத்தம் போட்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அதன்பின் நாங்கள் போகவில்லை. அவர் மட்டும் வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தார். முன்னறை, அடுக்களை, பின்வாசல், மறுபடி முன்னறை. காலை எழுந்ததிலிருந்து நடை. தடுத்தால் கோபம் வந்துவிடும். நல்லதுதானே, உடம்புக்கு நல்லதுதானே என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவருடைய சர்க்கரையும் கொழுப்பும் சரியாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது சாப்பாடு. தட்டை முன்னால் வைத்தால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. குழைய வேகவைத்த சோறும் பயறும் பிசைந்து ஒவ்வொரு வாயாகக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆகும். கடைசி வாயை விழுங்கியதும் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார். நான் எனக்குத் தனியாகப் பரிமாறிக்கொண்டு உட்கார்ந்தால், அந்த நேரத்தில் அவர் எதையாவது வாயில் போட்டுக்கொள்வார். ஒரு தடவை சோப்பு. ஒரு தடவை செடித் தொட்டியில் இருந்த மண். அதனால் அவர் கிண்ணத்தில் மிச்சமானதை அடுக்களை வாசலில் நின்றபடியே நான்கு வாயில் தின்று கையைக் கழுவிவிடுவேன். அவர் பாதி குடித்து வைத்த டீயையும் கொட்ட மனமில்லாமல் குடிப்பேன். சர்க்கரை போட்ட டீ. அதைக் குடிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் குடிப்பது போனதுதான் வெளியே சொல்ல வெட்கமான விஷயம்.

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். நான் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டிருந்தேன். ஏழு நிமிடம் இருக்கலாம், எட்டு இருக்கலாம். வெளியே வந்தால் முன்வாசல் திறந்து கிடக்கிறது. அவர் பாலத்தில், சட்டையில்லாமல், கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்துக் குனிந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. லாட்டரிச் சீட்டு விற்கும் ஒரு வயதான அம்மாள் அவருடைய இடுப்பு வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைக் கண்டதும், "எவிடே போயிருந்நு மோளே?" என்று கேட்டாள். எங்கே போயிருந்தாய் மகளே என்று. அழுதுகொண்டே அவரைக் கூட்டி வந்தேன்.

அன்றிலிருந்து கழிவறைக் கதவை மூடுவதில்லை. அதிகம் போகாமலிருக்க வேண்டும் என்றால் அதிகம் குடிக்காமலிருக்க வேண்டும். காலையில் அரை டம்ளர், மாத்திரைக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் தாகமே மறந்துவிட்டது. அதற்குப் பதிலாகச் சிறுநீர் எரிச்சலும் குளிர்க்காய்ச்சலும் வந்தன. கொழுந்தன் மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கி வந்து தருவார். குணமாகும், மறுபடி வரும்.

என் சர்க்கரை மாத்திரைகளை அவர் எடுத்து விழுங்கிவிடக் கூடாதென்று அலமாரியின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினேன். கண்ணில் படாத மாத்திரை நினைவிலும் இருப்பதில்லை. வீட்டில் மறதிக்காரர் ஒருவர்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். அவன் மனைவிக்கு அப்போது இரண்டாவது பிரசவம் நெருங்கியிருந்தது. ஹைவேயில் மாட்டினால் கழக்கூட்டத்திலிருந்து வரவே ஒன்றரை மணி நேரம் ஆகும். வந்தால் அப்பாவுக்குச் சவரம் செய்வான், குளிப்பாட்டுவான். ஒரு ஹோம் நர்ஸை ஏற்பாடு செய்தான். அவள் பன்னிரண்டு நாள் இருந்தாள். பதின்மூன்றாம் நாள் அவர் அவள் கையை முறுக்கிவிட்டார். அவள் மணிக்கட்டைக் காட்டி அழுதுவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு நாள் டாக்டர், "ஒரு குட்டி வீட்டுக்கு வந்து கொஞ்சம் கேள்வி கேக்கட்டா? படிக்கிற குட்டி" என்றார். நான் சரி என்றேன். நர்ஸிங் மேல்படிப்பு படிக்கும் பெண். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் தங்கள் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. புதன்கிழமை காலை வந்தாள். குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்து மடியில் தாள்களை விரித்தாள். அவர் எங்களைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

மலையாளத்தில்தான் கேட்டாள். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குவீர்கள்? ஆறு என்றேன். உடற்பயிற்சி உண்டா? மாடியில் அரைமணி நேரம் நடப்பேன் என்றேன். நேரத்துக்குச் சாப்பிடுவீர்களா, காய்கறி, பழம்? உண்டு என்றேன். சர்க்கரை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? போன மாசம் என்றேன். பார்த்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டித் தாளில் இருந்த கட்டத்தில் டிக் போட்டாள்.

"தண்ணி, சேச்சி? ஒரு திவசம் எத்ர க்ளாஸ்?"

"நாளுக்கு எட்டு டம்ளர்."

அவர் நடையை நிறுத்தினார். அந்தப் பெண்ணுக்கு நேராக வந்து நின்றார். பல மாதமாக ஒரு முழு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

"இவ கள்ளம் சொல்லுகா," என்றார். "பச்சத் தண்ணி குடிக்க மாட்டா. தின்னவும் மாட்டா. நின்னுட்டே கெடப்பா."

அந்தப் பெண் அவரை அண்ணாந்து பார்த்தாள். குழந்தைகளைப் பார்த்துச் சிரிப்பார்களே, அப்படி ஒரு சிரிப்பு. பிறகு என்னிடம், "அச்சன் எந்தா பறயுந்நே?" என்று கேட்டாள். அப்பா என்ன சொல்கிறார் என்று. அவளுக்கு எங்கள் தமிழ் பிடிபடவில்லை.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்வது சரி என்று சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று இப்போதும் யோசிக்கிறேன். டாக்டரிடம் சொல்லியிருப்பாளோ என்னவோ. எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிற டாக்டருக்கு இது தெரியக் கூடாது.

"ஒண்ணும் இல்ல மோளே. அவரு வாயில வர்றதைச் சொல்லுவாரு," என்றேன்.

அவள் அடுத்த கேள்விக்குப் போனாள். அவர் கொஞ்ச நேரம் நின்று என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, இல்லை, சொன்னதை அதற்குள் மறந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. பிறகு பின்வாசலை நோக்கி நடந்தார். முப்பத்து நான்கு வருட வாழ்க்கையில் அவர் சொன்ன உண்மையை நான் பொய்யாக்கியது அன்று ஒரு நாள்தான். அந்தப் பெண் போன பிறகு குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அவர் வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக் குடித்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, அடுக்களையில் நல்லெண்ணெய் பாட்டிலை அவர் தட்டிவிட்டார். கண்ணாடி பாட்டில். தரையெல்லாம் எண்ணெயும் சில்லுமாக ஆகிவிட்டது. நடுவில் அவர் வெறுங்காலோடு நிற்கிறார். நான் அப்படியே உள்ளே மிதித்துப் போய் அவரைத் தோளோடு அணைத்து நாற்காலிக்குக் கொண்டுவந்தேன். டார்ச் எடுத்து வந்து அவருடைய இரண்டு உள்ளங்காலையும் துடைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. கடவுளே என்று பெருமூச்சு விட்டுத் தரையைக் கூட்டப் போனேன்.

என் காலை நான் பார்க்கவில்லை.

வலித்திருந்தால் பார்த்திருப்பேன். சர்க்கரை வெகுநாளாகப் பாதத்தில் உணர்வைத் தின்றிருந்தது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ தரையில் பழுப்பாக ஒரு ஈரக்கறை வட்டம் வட்டமாகத் தெரிந்தது. அவர் எதையோ சிந்தியிருக்கிறார் என்று துடைத்தேன். மறுபடி வந்தது. அப்புறம்தான் வலது கால் சுண்டுவிரலுக்கு அடியில் கண்ணாடிச் சில்லைக் கண்டேன். எடுத்துவிட்டு, மஞ்சள் வைத்து, பிறகு களிம்பு தடவித் துணி சுற்றினேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பேன். இவரை யாரிடம் விடுவது என்று நினைப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் வரவில்லை, பிரசவ வலி வந்துவிட்டது. பேத்தி பிறந்த சந்தோஷத்தில் போனில் பேசியவனிடம் காலைப் பற்றி எப்படிச் சொல்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். செருப்பைக் கழற்றியவன் வாசலிலேயே நின்றான்.

"அம்மா, இது என்ன நாத்தம்?"

"அப்பா ஏதாவது செஞ்சிருப்பாரு மக்கா."

அன்றும் அவர் மேல்தான் பழியைப் போட்டேன். மகன் வீடு முழுக்கத் தேடினான். கடைசியில் என் முன்னால் தரையில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தான். என் காலை அவன் தொடையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். அறுவை செய்த டாக்டர் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"இத்தனை நாள் எங்க இருந்தீங்க?"

"வீட்டிலதான்," என்றேன்.

நான் பதின்மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அவரை என்ன செய்வது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. மகன் தன் வீட்டுப் பக்கமாக, கழக்கூட்டத்தில் முதியோரை வைத்துப் பார்க்கும் ஓர் இல்லத்தில் அவரைச் சேர்த்திருந்தான். தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அப்பாவுக்குக் கொறை ஒண்ணும் இல்ல" என்பான்.

உண்மையாகவே நன்றாகத்தான் பார்த்திருந்தார்கள். திரும்பி வந்தபோது சவரம் செய்து, நகம் வெட்டி, தோய்த்த வேட்டியோடு இருந்தார். உடம்பில் ஒரு காயம் இல்லை. ஆனால் அவர் நடக்கவில்லை. முன்னறையில் உட்கார வைத்தால் உட்கார்ந்தபடியே இருந்தார். கலவரப்படாமல் இருக்க ஏதோ மாத்திரை கொடுத்தார்களாம். அதைக் குறைத்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். நடை திரும்பி வரவில்லை. அந்த மாத்திரையாலும் இருக்கலாம், நோய் அடுத்த படிக்குப் போனதாலும் இருக்கலாம் என்றார் நரம்பு டாக்டர். நான் ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் என்று அவர் சொல்லவில்லை. அதை நானே சொல்லிக்கொண்டேன்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் கைத்தடியை ஊன்றி அவர் முன்னால் போய் நின்றேன். என் காலில் சுற்றியிருந்த கட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியைக் கையால் காட்டினார்.

"இருங்க. காலு வய்யாம நிக்காண்டாம். வீட்டுக்காரி இப்ப வந்திருவா."

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை அவர் நீங்க என்று சொன்னதில்லை. நான் உட்கார்ந்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

இப்போது காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை ஒரு பெண் வருகிறாள், நல்லவள். அவர் நடக்காததால் அவளுக்குச் சிரமம் இல்லை. எனக்குக் காலுக்கென்று செய்த கனமான செருப்பு இருக்கிறது. மாத்திரைக்கு நேரம் சொல்ல மகன் போனில் மணி வைத்துக் கொடுத்திருக்கிறான். சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. போன வாரம் பார்த்ததில் சர்க்கரை குறையவே இல்லை. இடது காலையும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அறுவை டாக்டர் எச்சரித்திருக்கிறார்.

கட்டுப் பிரித்த வாரத்தில் மகன் வந்து எதிரே உட்கார்ந்தான். "அம்மா, ஒரு காரியம் சொல்லட்டா?" என்று தொடங்கினான். அந்த இல்லத்தில் நிரந்தரமாக ஓர் இடம் காலியாகிறது. அப்பாவுக்கு இப்போது எந்த வீடும் ஒன்றுதான். "எனக்கு ரெண்டு பேரையும் ஒண்ணாக் கைவிட வய்யாம்மா" என்றான், முடியாது என்று. கண் கலங்கியிருந்தது. அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. நானே ராத்திரிகளில் அதை நினைத்திருக்கிறேன். அவர் போய்விட்டால் இரண்டு நாள் தொடர்ந்து தூங்கலாம் என்றுகூட நினைத்திருக்கிறேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

"அப்பாட்ட கேக்காண்டாமா?" என்றேன். அது அர்த்தமில்லாத கேள்வி என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவன் விண்ணப்பத் தாள்களை மேஜையில் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க என் கண்ணாடிக் கூட்டை அதன்மேல் வைத்துவிட்டுப் போனான். தினமும் காலையில் ஆபீஸுக்குப் போகும் வழியில் போன் செய்கிறான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுவிட்டுக் கடைசியில், "யோசிச்சியாம்மா?" என்கிறான்.

"நாளைக்குச் சொல்லுகேன் மக்கா," என்கிறேன்.

இப்படியே நான்கு மாதம் ஆயிற்று. அவன் சலித்துக்கொள்வதில்லை. அவனும் அந்த நாளையை நினைத்துப் பயப்படுகிறான் என்று தோன்றுகிறது.